பையில் புழுக்கொடியல், மடியில் லப்டொப்

கொழும்பின் பழைய பாணித் தேநீர்க்கடைகளில் ஒரு வழக்கம் இன்னும் மிஞ்சியிருக்கிறது. மேசையில் போய் உட்கார்ந்ததும், கேட்காமலே ஒரு தட்டு வரும். ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், மீன் பணிஸ், உழுந்து வடை என்று ஏழெட்டுச் சோட் ஈட்ஸ் அதில் அடுக்கியிருக்கும். விரும்பியதை எடுக்கலாம். எழும்பும்போது பரிமாறுபவர் வந்து தட்டில் மிஞ்சியதை ஒரு பார்வை பார்ப்பார், எடுத்தது எத்தனை என்று மனக்கணக்குப் போடுவார், தொகையைச் சொல்லுவார். மூன்று ரோல்ஸ் தின்றுவிட்டு இரண்டுதான் தின்றேன் என்று தன்னைத் தானே ஏமாற்ற அங்கே வழியில்லை. எண்ணுவதற்கு ஓர் ஆள் இருக்கிறார்.

லப்டொப்புக்கு முன்னால் அந்த ஆள் இல்லை. சூமில் கூட்டம் நடக்கிறது, கமரா அணைந்திருக்கிறது, கை மட்டும் மரவள்ளிச் சிப்ஸ் பக்கெற்றுக்குள் போய்ப் போய் வருகிறது. பக்கெற் காலியான பிறகுதான் காலியானது தெரிகிறது. கவனம் வேறிடத்தில் இருக்கும்போது மனிதர் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள், அப்படிச் சாப்பிட்டது நினைவில் சரியாகப் பதியாததால் அடுத்த வேளையிலும் கூட்டியே சாப்பிடுகிறார்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு 2013இல் வெளிவந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு இது ஒரு தொல்லை. அதே வேலையைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவருக்கு இரண்டு தொல்லை. எண்ண ஆளும் இல்லை, சமைக்க அடுப்பும் இல்லை.

அப்படித் திரிபவர்கள் கொழும்புத் தமிழரிடையே இன்று அபூர்வமல்ல. வெள்ளவத்தை அடுக்குமாடி ஒன்றில் இருந்து மெல்பேர்ண் நிறுவனத்துக்குக் கணக்கெழுதுகிறவர், கொட்டாஞ்சேனையில் பெற்றோர் வீட்டு மாடியறையில் இருந்து லண்டன்காரருக்கு மென்பொருள் சோதிக்கிறவர், மாதத்தில் பத்து நாளை யாழ்ப்பாணத்தில் அம்மாவோடு கழித்துக்கொண்டே ரொறன்ரோ வாடிக்கையாளரின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லுகிறவர். 2020 மார்ச் ஊரடங்கு அலுவலகங்களைப் பூட்டியது. 2022 மார்ச் முடிவில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அந்த ஜூனில் எரிபொருள் தட்டுப்பாட்டால் அரசாங்கமே தன் ஊழியரை வீட்டில் இருந்து வேலை செய்யச் சொன்னது; வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் போடவும் சொன்னது. கத்தரியும் வெண்டியும் எத்தனை வீடுகளில் காய்த்தனவோ, மின்சாரமும் இணையமும் இருக்கும் இடம் தேடி வேலையைத் தூக்கிக்கொண்டு போகும் பழக்கம் மட்டும் நன்றாக வேர்பிடித்துவிட்டது. இன்று வெலிகமவிலும் அறுகம்குடாவிலும் சனி ஞாயிறு கழித்துத் திங்கட்கிழமையையும் அங்கேயே தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பையோடு திரிந்த முதல் தலைமுறை இதுவல்ல. கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் சமறிகளில் இருந்தார்கள். பல பேர் சேர்ந்து வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஒருவரை வைத்து நடத்திய குடித்தனம் அது. மனைவி பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள். லீவு கிடைத்தால் ரயில், 1956க்குப் பிறகு யாழ்தேவி. ஊரிலிருந்து கந்தோருக்குத் திரும்புகிறவரின் கையில் ஒரு பை தவறாமல் இருக்கும். அதற்குள் புழுக்கொடியல், பயற்றம் உருண்டை, எள்ளுப்பாகு, பருத்தித்துறை வடை, ஒரு துண்டுப் பனாட்டு, ஓலைக் குட்டானில் பனங்கட்டி.

இந்தப் பையைப் பழம்பெருமைக்காக இங்கே அவிழ்க்கவில்லை. அதிலிருந்த ஒவ்வொன்றும் குளிர்சாதனப் பெட்டியும் சூடாக்கும் அடுப்பும் இல்லாமல் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கச் செய்தது. கையால் எடுத்து வாயில் போடலாம். ஹோட்டல் அறைக்கும் இரவு பஸ்ஸுக்கும் தேவையான குணங்கள் இவைதான். இறக்குமதியான ‘எனர்ஜி பார்’ ஒன்றின் விலையைப் பார்த்தால் அம்மாமார் செய்தது கெட்டித்தனம் என்று விளங்கும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. அந்தக் கிளாக்கர் ஸ்ரேசனுக்கும் கந்தோருக்கும் நடந்தார், பின்னேரம் கடற்கரையில் நடந்தார். இன்றைய பயணி பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போய்க் கதிரையில் எட்டு மணித்தியாலம் இருக்கிறார். பயற்றம் உருண்டையின் பருமன் அப்போதிருந்ததுதான். ஆகவே பழைய பையை அப்படியே தூக்கலாம், அளவையும் நேரத்தையும் மாற்றினால் போதும் என்பது என் கட்சி. இரண்டிலும் பெரியது நேரம்.

எந்த நாட்டு மணிக்கூடு?

மெல்பேர்ணில் காலை 9 மணி என்றால் இங்கே விடிகாலை 4.30, அங்கே கோடை நேரம் வந்துவிட்டால் 3.30. லண்டனின் வேலைநாள் இங்கே பகல் 1.30க்கு ஆரம்பித்து இரவு 9.30க்கு முடியும், அவர்களுடைய குளிர்காலத்தில் இரண்டு பக்கமும் ஒரு மணித்தியாலம் பிந்தும். ரொறன்ரோ என்றால் மாலை 6.30க்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டி 2.30 வரை, குளிர்காலத்தில் 3.30 வரை. வேலையை அவர்களுடைய மணிக்கூட்டுக்குச் செய்யலாம். வயிறும் கணையமும் கொழும்பு நேரத்தில்தான் நிற்கின்றன.

2021 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை ஆய்வுகூடத்துக்குள் வைத்துப் பார்த்தது. இரவு வேலை போன்ற ஓர் ஏற்பாட்டில் 19 பேரை இருத்தி, ஒரு பகுதியினருக்கு இரவிலும் சாப்பாடு கொடுத்தார்கள், மற்றவர்களுக்குப் பகலில் மட்டும் கொடுத்தார்கள். இரவில் சாப்பிட்டவர்களின் இரத்தச் சீனி சராசரியாக 6.4 சதவீதம் கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை. 19 பேர் சின்னத் தொகைதான். ஆனால் இலங்கைக்காரர் இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. 2005–2006இல் நாட்டின் பெரும்பகுதியில் செய்த ஆய்வொன்றிலேயே, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. நகரப்புறத்தில் மட்டும் எடுத்தால் 16.4 சதவீதம். கதிரையும் லப்டொப்பும் இந்த அளவுக்குப் பரவுவதற்கு முந்திய கணக்கு அது.

இதைப் பைக்குப் பொருத்தினால் மூன்று ஒழுங்குகள் வருகின்றன. ரொறன்ரோக்காரர் மாலை 6 மணிக்கு, வேலையில் உட்கார முன்னரே, ஒழுங்கான இராச்சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். பத்து மணிக்குப் பிறகு பசித்தால் ஒரு கைப்பிடி, அதுவும் புரதமும் நாரும் உள்ளதாக. அடுத்த சாப்பாடு விடிந்த பிறகுதான். லண்டன்காரருக்கு ஆபத்தான நேரம் மாலை 5 முதல் 7 வரை. ஊரே தேத்தண்ணியும் வடையுமாக இருக்கும், அவருக்கோ கூட்டத்துக்கு மேல் கூட்டம். இரவு பத்துக்கு எழும்பிக் கொத்துரொட்டிக் கடைக்கு ஓடுவார். மாலை ஆறுக்கு நல்ல சிற்றுண்டி ஒன்று விழுந்தால் அந்த ஓட்டம் பாதியாகும். மெல்பேர்ண்காரர் கொடுத்துவைத்தவர், பகல் 12.30க்கு அவருடைய நாள் முடிந்துவிடும். அவர் மாட்டுவது வேறிடத்தில். நாலு மணிக்குப் பிஸ்கட்டோடு தேத்தண்ணி, ஏழு மணிக்குக் காலைச் சாப்பாடு, பத்துக்குப் பசி, ஒரு மணிக்கு வீட்டாரோடு மத்தியானச் சோறு என்று ஒரு வேளையைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுகிறார். பத்து மணிக்குப் பழத்தோடு நிறுத்தினால் தப்பலாம்.

பையை அவிழ்த்தால்

முதலிடம் புழுக்கொடியலுக்கு. பனங்கொட்டைகளைப் பாத்தி கட்டிப் புதைத்து, முளைத்து இறங்கும் கிழங்கை மாரி முடியக் கிண்டி எடுத்து, அவித்து, நெடுக்காகக் கிழித்து வெயிலில் காயவிட்டது அது. அவிக்காமல் காயவிட்டால் ஒடியல். அது கூழுக்கும் பிட்டுக்கும் போகும். புழுக்கொடியலில் சீனி சேர்ப்பதில்லை, எண்ணெய் இல்லை, உப்பும் இல்லை. மாதக்கணக்கில் கெடாது. நார்ச்சத்து ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு அதில் பிடித்தது கடினம்தான். விரல் நீளத் துண்டொன்றை முறித்து ஒரு தேங்காய்ச் சொட்டோடு வாயில் போட்டால் தாடைக்கு நிமிடக்கணக்கில் வேலை. ஒரு பக்கெற் சிப்ஸ் மறையும் நேரத்தில் இரண்டு துண்டு தாண்டாது. மைக் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், முறிக்கும் சத்தம் மெல்பேர்ண் வரை போகும். பல் ஒத்துழைக்காதவர்கள் புழுக்கொடியல் மாவை வாங்கித் தேங்காய்ப்பூவோடு பிசறிச் சாப்பிடலாம். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணச் சாமான் விற்கும் கடைகளில் கட்டுக்கட்டாக இருக்கிறது. 1978 முதல் இயங்கும் பனை அபிவிருத்திச் சபையும் கற்பகம் என்ற பெயரில் பனம்பொருள் விற்கிறது.

அடுத்தது கச்சான், கோதோடு மணலில் வறுத்தது. கோது உடைத்த கச்சானை வாங்காதீர்கள் என்பேன். உடைத்தது கைப்பிடி கைப்பிடியாகப் போகும். கோதோடு இருப்பதை ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும், விசைப்பலகையில் இருந்து இரண்டு கையும் எடுக்க வேண்டும், உடைத்த கோது மேசையில் குவிந்து எத்தனை போயிற்று என்று காட்டிக்கொண்டிருக்கும். தேநீர்க்கடைப் பரிமாறுபவரின் வேலையைக் கோது செய்கிறது. 30 கிராம் பருப்பில் 170 கலோரியும் ஏழு கிராமுக்கு மேல் புரதமும் உண்டு. அதுவே ஒரு தடவைக்குப் போதுமான அளவு. கச்சான் அல்வா வேறு சாதி, அதைத் திருவிழாவோடு விட்டுவிடலாம்.

பயற்றம் உருண்டைதான் எனக்குச் சங்கடமான பொருள். வறுத்துத் திரித்த பயற்றம்மா, வறுத்த தேங்காய்ப்பூ, மிளகு, சீரகம், ஏலம். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. காய்ந்த பயறு 100 கிராமில் 24 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. பிறகு சீனிப்பாகு வருகிறது. அதற்கும் பிறகு உருண்டையை மாக்கரைசலில் தோய்த்து எண்ணெயில் போட்டுப் பயற்றம் பணியாரமாக்கிவிட்டால் பயறு நினைவுக்கு மட்டும்தான். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வீட்டிலேயே பலகாரம் செய்து ஓடருக்குக் கொடுக்கும் அக்காமார் இருக்கிறார்கள். அவர்களிடம், “அக்கா, பொரிக்க வேண்டாம், பாகு பாதி போதும், உருண்டையைத் தேசிக்காய் அளவில் பிடியுங்கோ” என்று சொல்லிப் பாருங்கள். “பாகு குறைஞ்சால் உருண்டை நிக்காது தம்பி, உதிரும்” என்று பதில் வரும். சரியான பதில்தான். பாகு இனிப்புக்கு மட்டும் இல்லை, பிடிப்புக்கும் அதுதான், கெடாமல் காப்பதற்கும் அதுதான். பாகைக் குறைத்தால் நாலைந்து பேரீச்சம்பழத்தை அரைத்துச் சேர்த்துப் பிடிக்கலாம். அப்படிச் செய்தது மூன்று வாரம் நிற்காது, மூன்று நாள் நிற்கும். ஆகவே கொஞ்சமாகச் செய்விக்க வேண்டும். பேரீச்சம்பழமும் இனிப்புத்தான். ஆனால் அதில் நாரும் கூட வருகிறது. அரைப் பாகு, சிறிய உருண்டை, நாளுக்கு ஒன்று என்றால் கணக்குச் சரி.

எள்ளுப்பாகுக்கும் இதே நியாயம். எள்ளில் கல்சியம் தாராளம், பாகில் சீனி தாராளம். பருத்தித்துறை வடை உப்பும் எண்ணெயும் உறைப்பும் சேர்ந்த ஒரு பொல்லாத சாமான், ஒன்றோடு நிறுத்தியவரை நான் கண்டதில்லை. பகிர்ந்து தின்ன ஆட்கள் இருக்கும்போது எடுங்கள். பனங்கட்டியைப் பற்றி ஒரு மயக்கம் நம்மிடையே பலமாக இருக்கிறது, அது நீரிழிவுக்கு ஆகும் என்று. பனங்கட்டியும் சீனிதான். தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி கரைப்பதற்குப் பதில் ஒரு நறுக்கைக் கடித்துக் குடிப்பதில் ஒரு லாபம் உண்டு, மொத்தத்தில் குறைவாகப் போகும். அவ்வளவுதான். குரக்கன் பிஸ்கட்டிலும் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். தானியம் எதுவானாலும் மாவாகப் பொடித்துச் சீனி சேர்த்தால் வேகமாகவே சீரணிக்கும்.

கொட்டாஞ்சேனைக்காரருக்கு ஒரு வசதி, புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெரு கிட்ட இருக்கிறது. பயறு, கௌபி, கொண்டைக்கடலை, எள்ளு, கச்சான் எல்லாம் மொத்தக் கடைகளில் வாங்கலாம். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் வரை போனதை யாரும் மறக்கவில்லை. ரோல்ஸ் சின்னதாகி, அதற்குள் மீன் இன்னும் சின்னதாகி, உருளைக்கிழங்கு மட்டும் பெருத்த காலம் அது. அவித்த கடலையைப் போலக் காசுக்குப் பெறுமதியான புரதம் அப்போதும் குறைவு, இப்போதும் குறைவு.

கடலைக்காரருக்கு ஒரு டப்பா

கடலை என்றதும் ரயில் ஞாபகம் வரவேண்டும். வட்டக் கூடையைத் தோளில் ஏந்தி, ஓடும் பெட்டியில் கால் தடுமாறாமல் வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கூடையில் இறால் வடை, ஒன்றில் கச்சான், ஒன்றில் கடலை. அவித்த கடலையைக் கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம், செத்தல் மிளகாயோடு தாளித்து, மேலே தேங்காய்ச் சொட்டை மெல்லியதாக அரிந்து போட்டிருப்பார்கள். வாங்குகிற ஆளைப் பார்த்துவிட்டுத் தாளைச் சுருட்டிச் சுருளாக்கி, அடியை ஒரு முறுக்கு முறுக்கி, உள்ளங்கையால் அள்ளிப் போட்டு நீட்டுவார்கள். அந்தத் தாள் பெரும்பாலும் ஏதோ ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. கடலை முடிய முடிய அடியில் ஒரு பிள்ளையின் கணக்குப் பாடமும் ஆசிரியரின் சிவப்புக் கோடும் வெளிவரும்.

பயணச் சிற்றுண்டியில் இந்த நாட்டில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்பது என் தீர்ப்பு. அவித்த கொண்டைக்கடலை ஒரு கோப்பையில் ஏறக்குறைய 270 கலோரி, 14 கிராமுக்கு மேல் புரதம், 12 கிராம் அளவு நார். இரண்டு மணித்தியாலக் கூட்டம் ஒன்றைப் பசியில்லாமல் கடக்க அது போதும். ரோல்ஸை எடுத்துப் பாருங்கள். கோதுமை மாத் தோசைக்குள் உருளைக்கிழங்கு, அதற்குப் பாண்தூள் போர்வை, பிறகு எண்ணெய்க் குளியல். மாவுக்கு மேல் மா. தின்று ஒரு மணித்தியாலத்தில் கண் சொருகும்.

தாளில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அச்சு மையும் பேனை மையும் சூடான எண்ணெய்ப் பண்டத்தோடு சேர்வது நல்லதல்ல. ஒரு சின்ன டப்பாவைக் கையில் வைத்திருந்து நீட்டினால் கடலைக்காரர் மறுக்கமாட்டார். அளவு கொஞ்சம் கூடத்தான் விழும். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்த பிறகு, அந்த செப்டெம்பரில் லஞ்ச் ஷீட்டைத் தடை செய்தார்கள். டப்பா கொண்டு திரிவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கட்டும்.

வீட்டிலேயே அவித்துக் கொண்டுபோவதானால் கொழும்பின் புழுக்கத்தை எண்ண வேண்டும். அவித்த பண்டம் அறை வெப்பத்தில் இரண்டு மணித்தியாலம், 32 பாகைக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் வைக்காதே என்பது பொதுவான பாதுகாப்பு விதி. தேங்காய்ப்பூ சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் புளிக்கும். அதனால் இரவு பஸ்ஸுக்கு அவித்த கடலையை ஏறும்போதே சாப்பிட்டு முடிக்க வேண்டும். வவுனியாவில் திறக்கலாம் என்று வைக்கக்கூடாது. அங்கே திறப்பதற்கு வறுத்த கடலை இருக்கிறது, கச்சான் இருக்கிறது, தோலுக்குள் பத்திரமாக ஒரு கதலிச் சீப்பு இருக்கிறது.

இரவு பஸ்ஸும் இடைத்தரிப்பும்

காலி வீதியில் இரவு எட்டு மணிக்கு மேல் யாழ்ப்பாண பஸ்கள் ஆளேற்றும் நேரத்தில் நின்று பார்த்தால், கையில் சோடாப் போத்தல் இல்லாமல் ஏறுகிறவர் குறைவு. 2016 ஆகஸ்ட் முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் சீனிக்கு வர்ணக் குறி இருக்கிறது. அப்போது வந்த விதிப்படி 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை. 11 கிராம் சீனியுள்ள 400 மில்லிலீற்றர்ப் போத்தலைக் காலி செய்தால் 44 கிராம், ஒன்பது தேக்கரண்டிக்குக் கிட்ட. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் உச்சம் ஏறக்குறைய 50 கிராம். பஸ் நீர்கொழும்பு தாண்டமுன் நாளின் கணக்கு கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது.

பக்கெற் பண்டங்களுக்கும் 2019 முதல் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் இதே போலக் குறி வந்தது. 100 கிராமில் சீனி 22, உப்பு 1.25, கொழுப்பு 17.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு. நான் முதலில் பார்ப்பது உப்பு வட்டத்தை. கச்சானில் இயல்பாகவே கொழுப்பு அதிகம், அங்கே சிவப்பைக் கண்டு வெருள வேண்டாம். உப்பில் சிவப்பு என்றால், ஏசி பஸ்ஸில் தண்ணீர் விடாய், பிறகு தண்ணீர், பிறகு அடுத்த தரிப்பு எப்போது என்ற தவிப்பு. பெண்கள் பலர் இரவுப் பயணத்தில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு உப்புப் பண்டம் இரட்டைத் தண்டனை. வழித் தரிப்பிடங்களின் கழிப்பறைகளைத் திருத்தாமல் ஆரோக்கியச் சிற்றுண்டி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதில் பாதிப் பயன்தான் என்று பஸ் முதலாளிமாருக்கும் இந்த இடத்தில் சொல்லிவைக்கலாம்.

புத்தளம் வீதியில் பஸ் நிற்கும் சாப்பாட்டுக் கடைகளில் நள்ளிரவில் கிடைப்பது ரொட்டி, கொத்து, பொரித்த சோறு. தெற்கே அதிவேகப் பாதையில் வெலிப்பென்ன தரிப்பிடத்தில் வெதுப்பகப் பண்டங்களும் இனிப்புக் கலந்தே வரும் இயந்திரக் கோப்பியும். இரண்டிலும் கேட்டால் கிடைக்கக்கூடியது ஒன்று இருக்கிறது: சீனி போடாத பிளேன்டீ. “சீனி வேண்டாம்” என்பதை ஊற்றுவதற்கு முன்பே சொல்ல வேண்டும், நம் ஊரில் சீனி கேட்டுப் போடும் பொருளல்ல. பகல் பயணமானால் வீதியோரச் செவ்விளநீர். அன்னாசிக்கும் மாங்காய்க்கும் மிளகாய்த்தூள் உப்புத் தூவி விற்கிறவர்களிடம், உங்கள் கண்முன்னே வெட்டித் தரச் சொல்லி வாங்கலாம்.

இன்சுலினோ சீனியைக் குறைக்கும் குளிசையோ எடுப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி பொருந்தாது. அவர்கள் பையில் இரண்டு குளுக்கோஸ் பிஸ்கட் பக்கெற்றோ சீனி உருண்டையோ கட்டாயம் இருக்க வேண்டும். பஸ் பழுதாகி இரண்டு மணித்தியாலம் காட்டுப்பக்கம் நின்றால் அதுதான் மருந்து. இரவு வேலைக்கு மாறுவதானால் மருந்து நேரத்தை வைத்தியரிடம் கேட்டு மாற்ற வேண்டும், சிற்றுண்டியால் சமாளிக்க முடியாது.

போய்ச் சேர்ந்த இடத்தில் அறையில் கேத்தல் ஒன்று இருந்தால் பாதி அடுப்பு கிடைத்த மாதிரி. அதில் முட்டை அவிக்கிறவர்களை எனக்குத் தெரியும். அடுத்துத் தேத்தண்ணி போடப்போகிறவரை நினைத்து அதைத் தவிர்க்கலாம். பக்கத்துக் கடையில் அவித்த முட்டை கேட்டாலே தருவார்கள். கேத்தலின் சுடுநீருக்குப் பொருத்தமானவை சிவப்பு அவலும் சத்துமாவும். அவலைச் சுடுநீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு வடித்து, வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டு, நாலு கச்சானை உடைத்துத் தூவினால் காலைச் சாப்பாடு ஆகிவிடும். சத்துமா என்பது வீட்டுக்கு வீடு வேறு: சிவப்பரிசி, உழுந்து, பயறு, கடலை, குரக்கன், சோளம், கையில் இருப்பதை வறுத்துத் திரித்தது. பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவைத்த பண்டம் அது, திரிபோஷவை நாம் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கியது போல. இரவு பதினொரு மணிக்கு ரொறன்ரோவோடு மல்லுக்கட்டும் முப்பத்தைந்து வயதுப் பிள்ளைக்கும் இரண்டு மேசைக்கரண்டிச் சத்துமா, சுடுநீர், ஒரு சிட்டிகை உப்பு போதும். சீனி போட்டால் பழைய கதை.

மேசையில் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். பக்கெற்றோடும் பேணியோடும் லப்டொப்புக்குப் பக்கத்தில் எதுவும் வரக்கூடாது. சின்னக் கிண்ணம் ஒன்றில் எடுத்துக்கொண்டு வந்தது முடிந்தால், இன்னும் வேண்டுமென்றால் எழும்பிப் போக வேண்டும். பல நேரங்களில் எழும்புவதற்குப் பஞ்சியாக இருக்கும், அந்தப் பஞ்சி இங்கே நமக்கு உதவி.

திரும்பி வரும் பையைத்தான் யாராலும் கட்டுப்படுத்த முடியாது. யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறுகிற அன்று, “பிள்ளை மெலிஞ்சு போனான்” என்று சொல்லிச் சொல்லியே முறுக்கும் பணியாரமும் சீனி அரியதரமுமாக ஒரு சாக்கைக் கட்டிவிடுவார்கள். வேண்டாம் என்றால் அடுத்த நாள் அதே சாக்கு பார்சலாகப் பஸ்ஸில் ஏறி, விடிய வெள்ளவத்தையில் வந்திறங்கி, “வந்து எடுங்கோ” என்று கொன்டக்டரிடமிருந்து அழைப்பு வரும். மறுத்துப் பிரயோசனமில்லை. வாங்குங்கள், இரண்டு நாளுக்கானதை எடுத்து வையுங்கள், மிச்சத்தை அன்று பின்னேரமே மேல்மாடிக்காரருக்கும் கீழே காவல் இருக்கும் ஐயாவுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். சாக்கின் அடியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இருக்கும் காலமென்றால் மணம் பிடித்து அவர்களே வந்துவிடுவார்கள்.